வைமார் நகரமும் அதன் பூங்காக்களும்

மேலைநாடுகளுக்குச் செல்லும் நம்மவர் பெரும்பாலும் இலண்டன், பாரிஸ், பேர்லின் முதலிய மாநகரங்களைக் கண்டு மீள்வர். சிற்றூர்களை நாடுவோர் சிலரே. ஜேர்மனி தேசத்தின் நடுப்பகுதியிலே, துரிங்கியா என்னும் மாநிலத்தில், இல்ம் என்னும் சிற்றாற்றின் கரையில் அமைந்துள்ள வைமார் என்ற ஊரில் இன்றும் ஏறத்தாழ 65,000 மக்களே வாழ்கின்றனர். தொழிற்சாலைப் பெருக்கமோ துறைமுகச் செல்வமோ அதற்கில்லை. ஆயினும், ஜேர்மன் மொழியைக் கற்ற எவரும் அந்நகரின் பெயரைக் கேட்டவுடன் தலைநிமிர்வர். சிறிது நேரத்திற்குப் பின் தலைகுனியவும் செய்வர். இவ்விரண்டும் ஏன் நிகழ்கின்றன என்பதை, அங்குள்ள மாளிகைகளையும் பூங்காக்களையுமே வழிகாட்டியாகக் கொண்டு, நம் கல்லூரி மாணவர்க்கு இயன்றவரை விளக்க முற்படுகின்றேன்.

பதினெட்டாம் நூற்றாண்டில் ஜேர்மனி ஒரே நாடாக இருக்கவில்லை. பல நூறு சிற்றரசுகளும் தன்னாட்சி நகரங்களும் சேர்ந்த கதம்பமாகவே அது விளங்கிற்று. அவற்றுள் ஒன்றாகிய சக்சன்-வைமார்-ஐசனாக் என்னும் சிறு கோமகனாட்சியின் தலைநகரே வைமார். அக்காலத்தில் அங்கு வாழ்ந்தோர் ஏறத்தாழ 6,000 பேர். நம் நாட்டுப் பெரிய கிராமம் ஒன்றின் அளவே. 1756 ஆம் ஆண்டில், பிரஷிய மன்னன் மகா பிரெடெரிக்கின் மருமகளாகிய அன்னா அமாலியா, பதினாறு வயதில் அந்நாட்டுக் கோமகனை மணந்து வந்தாள். இரண்டாண்டுகளில் கணவன் இறந்தான். கையில் ஒரு குழந்தையும் வயிற்றில் ஒரு குழந்தையுமாகப் பதினெட்டு வயதில் கைம்பெண்ணான அவள், மூத்த மைந்தன் வயதடையும்வரை, 1759 முதல் 1775 வரை, தானே ஆட்சியை நடத்தினாள். கருவூலத்தில் பொருள் மிகுதியாக இல்லை. படை திரட்டிப் பேர்பெறும் வாய்ப்பும் அத்துணைச் சிறிய நாட்டுக்கு இல்லை. ஆதலின் அவள் தேடிய பெருமை வேறாயிற்று. 1766 இல் அரண்மனையின் நூல்களையெல்லாம் 'பச்சை மாளிகை' எனப்பட்ட பழைய மாளிகைக்கு மாற்றி, அதன் நடுவே நீள்வட்ட வடிவமான எழில் மண்டபம் ஒன்றை அமைத்தாள். 1772 இல் மைந்தனுக்கு ஆசிரியராக வீலாண்ட் என்னும் புகழ்பெற்ற எழுத்தாளரை அழைத்தாள். ஓர் ஆசிரியரைத் தேர்ந்தெடுத்ததே அந்நகரின் தலைவிதியை மாற்றிற்று என்று கூறுவது மிகையாகாது.

அம்மைந்தன் கார்ல் அவுகுஸ்ட், 1775 இல் பதினெட்டு வயதில் ஆட்சியேற்றவுடன், தன்னிலும் எட்டு வயது மூத்த கவிஞர் ஒருவரை விருந்தினராக வரவழைத்தான். அவரே கேத்தே. அவ்வாண்டு நவம்பர் 7 ஆம் நாள் வைமாரை அடைந்தபொழுது கேத்தேயின் வயது 26. சில வாரங்கள் தங்கிச் செல்ல வந்தவர், இடையிடையே இத்தாலி முதலிய இடங்களுக்குச் சென்றாராயினும், 1832 ஆம் ஆண்டு மார்ச்சு 22 ஆம் நாள் உயிர் நீக்கும்வரை அவ்வூரையே தம் ஊராகக் கொண்டார். வீலாண்ட், கேத்தே, அடுத்த ஆண்டு வந்த ஹேர்டர், 1799 இல் குடியேறிய சில்லர் ஆகிய நால்வரும் ஒருவர் வீட்டிலிருந்து மற்றவர் வீட்டுக்கு நடந்தே செல்லக்கூடிய தொலைவில் வாழ்ந்தனர். அச்சிற்றூரை இன்று சுற்றி வருவோர்க்கு வியப்பளிப்பது அந்த நெருக்கமே.

கேத்தே வெறும் அரசவைக் கவிஞராக இருந்தாரல்லர். சுரங்கம், வீதி, படைச் செலவு, நிதி ஆகிய துறைகளையெல்லாம் கவனிக்கும் அமைச்சராகவும் இருந்தார். அந்த அமைச்சர் தம் கையால் அமைக்க உதவிய பூங்காவே நாம் முதலிற் காணவேண்டியது.

நகரின் நடுவிலுள்ள அரண்மனையிலிருந்து சில அடி நடந்தால் இல்ம் ஆற்றுப் பூங்கா தொடங்கிவிடும். பூங்கா என்றவுடன் சதுரம் சதுரமாக வெட்டிய பாத்திகளையும் அணிவகுத்து நிற்கும் செடிகளையும் எதிர்பார்த்துச் செல்வோர் ஏமாற்றமடைவர். அத்தகைய தோட்டங்கள் பிரெஞ்சு முறையைச் சார்ந்தவை. அரசனின் ஆணைக்கு மரமுங்கூட அடங்கி நிற்கும் என்று காட்டுவதே அவற்றின் உட்கருத்து. அதற்கு மாறாக இங்கிலாந்தில் எழுந்த முறையோ, இயற்கை தானே அமைந்தது போலத் தோன்றச் செய்வது. இம்முறையை ஜேர்மனியில் முதன்முதல் பெருமளவிற் கையாண்ட இடம் வூர்ளிற்ஸ். அதனை 1778 ஆம் ஆண்டில் கேத்தேயும் கோமகனும் கண்டு வந்தனர். அவ்வாண்டே வைமாரிலும் வேலை தொடங்கிற்று.

அதன் தொடக்கத்திலே ஒரு துயரமும் கலந்துள்ளது. அவ்வாண்டு சனவரி மாதத்திற் பிரபு குலத்து இளம்பெண் ஒருத்தி இல்ம் ஆற்றில் மூழ்கி உயிர்துறந்தாள். காதற்றோல்வியால் தற்கொலை புரியும் இளைஞனைப் பற்றிக் கேத்தே எழுதிய வேர்தர் என்னும் நவீனம் அவள் உடையில் இருந்ததாகச் சொல்லப்படுவதுண்டு. நூலாசிரியரின் வீட்டுக்கு அண்மையிலேயே நிகழ்ந்தது அது. அவள் நினைவாக ஆற்றங்கரைப் பாறையைக் குடைந்து கேத்தே அமைப்பித்த ஒடுக்கமான கற்படி வழியை இன்றும் காணலாம். 'ஊசித் துளை' என்று அதனை அழைப்பர். தான் எழுதியதன் விளைவு தன் வாயிலிலேயே வந்து நிற்கக் கண்ட எழுத்தாளன் ஒரு படிக்கட்டு அமைத்தான். அதற்கு மேல் அவன் என்ன செய்யக்கூடும் என்று அவ்விடத்தில் நின்றபொழுது யான் எண்ணியதுண்டு.

ஏறத்தாழ 48 எக்டேயர்ப் பரப்புள்ள அப்பூங்காவில் மதிலும் இல்லை. நுழைவுக் கட்டணமும் இல்லை. பாதைகள் வளைந்து வளைந்து செல்லும். திருப்பங்களில் மரக்கூட்டம் விலகித் தொலைவிலுள்ள ஒரு கட்டடமோ பாலமோ ஒரு கணம் தோன்றி மறையும். தற்செயலாக அமைந்தது போன்ற இக்காட்சிகள் யாவும் முன்கூட்டியே கோடிட்டுத் திட்டமிட்டவை. எந்த மரம் எவ்வளவு உயரம் வளரும், எத்திங்களில் எவ்வண்ணம் கொள்ளும் என்பதையறிந்து நட்டாலன்றி இது கைகூடாது. நட்டவன் தன் வாழ்நாளில் முழுமையைக் காணமாட்டான். பேரன் காண்பதற்காகப் பாட்டன் வரையும் ஓவியமே இவ்வகைப் பூங்கா. மேட்டில் நிற்கும் உரோமானிய இல்லம் என்னும் கோடை மனை, கோமகனுக்காக 1791 இன் பின் கேத்தேயின் மேற்பார்வையிற் கட்டப்பட்டது. எதிர்க்கரையில், புல்வெளிக்கு அப்பால், மரப்பலகை ஓடுகள் வேய்ந்த செங்குத்தான கூரையோடு தோன்றும் சிறிய வீடே கேத்தேயின் தோட்ட மனை. 1776 இல் கோமகன் அளித்த அவ்வீட்டில் 1782 வரை அவர் வாழ்ந்தார். பெரிய வீட்டுக்குக் குடிபெயர்ந்த பின்னரும் ஓய்வு வேண்டிய போதெல்லாம் அங்கு வந்து தங்கினார்.

அத்தோட்டத்தின் ஒரு மூலையில் 1777 இல் அவர் நிறுவிய கல்லொன்று உண்டு. கீழே கனசதுரமான ஒரு கல். மேலே உருண்டையான ஒரு கல். வேறு சிற்பமோ எழுத்தோ இல்லை. 'நல்லூழின் கல்' என்பது அதன் பெயர். உருளும் தன்மையுடைய ஊழானது அசையாத நிலைபேற்றின் மேல் தங்கியிருக்கிறது என்பது கருத்து. உருவச் சிலைகளே நினைவுச் சின்னங்களாக விளங்கிய அக்காலத்தில், வெறும் கணித வடிவங்களால் ஒரு சின்னம் அமைத்தது புதுமையிலும் புதுமையாகும். கனவடிவங்களைக் கணித வகுப்பில் வரைந்து சலித்த மாணவர் ஒருமுறை அதைக் காண வேண்டும்.

பெல்வெடேர், தீபுர்ட் என்னும் இரு மாளிகைகளும் நகருக்குச் சற்று வெளியே உள்ளன. பெல்வெடேர் தெற்கே ஒரு குன்றின்மேல் மஞ்சள் நிறத்தோடு நிற்பது. 1724 முதல் கட்டப்பட்ட அது வேட்டைக்கும் கோடைக்கும் உரிய மாளிகை. அதன் குளிர்காப்பு மனைகளில் ஆயிரக்கணக்கான அயல்நாட்டுச் செடிகளைக் கார்ல் அவுகுஸ்ட் வளர்த்தான். 1820 இல் அவற்றின் பட்டியல் நூலாகவே வெளிவந்தது. செடிகளை ஆராய்வதில் அவனுக்கும் கேத்தேக்கும் இருந்த ஆர்வம் ஒன்றே. ஒரு செடியின் உறுப்புகள் யாவும் இலை என்னும் ஒரே உறுப்பின் திரிபுகளே எனக் கேத்தே 1790 இல் ஒரு நூல் எழுதியமை தாவரவியல் கற்போர் அறிந்ததே. அங்கே இன்னொரு சிறு தோட்டமும் உண்டு. கோமகனின் மருமகளாகிய மரியா பவுலோவ்னா உருசியச் சக்கரவர்த்தியின் மகள். அவள் பிறந்தகத்தை எண்ணி வருந்தாதவாறு, பவுலோவ்ஸ்கில் அவள் சிறுமியாய் விளையாடிய தோட்டத்தைப் போலவே ஒன்றை மாமன் 1811 முதல் அமைப்பித்தான். மாளிகையின் பொன் வேலைப்பாடுகளை மறந்து விட்டேன். இத்தோட்டம் மட்டும் மறக்கவில்லை. தீபுர்ட்டோ அன்னா அமாலியா தன் முதுமைக் கோடைகளைக் கழித்த எளிய மனை. அங்கு கூடிய நண்பர்கள் 1781 முதல் கையெழுத்துப் பத்திரிகை ஒன்று நடத்தினர் என்று அறியும்பொழுது, மாணவர் மன்றக் கையெழுத்து ஏடுகளில் உழைத்த பழைய மாணவர் பலருக்கு உவகை உண்டாகும்.

நம்மவர்க்கு உரிமையான ஒரு செய்தியையும் இங்கு சொல்லவேண்டும். காளிதாசரின் சாகுந்தலத்தை வில்லியம் ஜோன்ஸ் 1789 இல் கல்கத்தாவில் ஆங்கிலமாக்கி வெளியிட்டார். அதனை கெயோர்க் போர்ஸ்டர் 1791 இல் ஜேர்மன் மொழியிற் பெயர்த்தார். அந்நூல் வைமாரை அடைந்தபொழுது ஹேர்டரும் கேத்தேயும் கொண்ட மகிழ்ச்சிக்கு அளவில்லை. கேத்தே அந்நாடகத்தைப் போற்றிக் கவிதையும் பாடினார். அவருடைய பாவுஸ்ட் நாடகத்தின் தொடக்கத்தில், நாடகம் தொடங்குமுன் அரங்க முதல்வனும் கவிஞனும் நகைச்சுவை நடிகனும் உரையாடும் காட்சி, வடமொழி நாடகங்களில் வரும் சூத்திரதாரனின் முன்னுரையைப் பார்த்து அமைந்தது என்பது அறிஞர் பலரின் கருத்து. பாரசீகக் கவிஞர் ஹாபிசைப் படித்தும் அவர் ஒரு நூல் செய்தார்; அதன் நினைவாக 2000 ஆம் ஆண்டில் நகரில் இரு கல் நாற்காலிகள் எதிரெதிரே வைக்கப்பட்டன. ஒன்று கிழக்கு, மற்றது மேற்கு. இரண்டிலும் எவரும் அமர்ந்திருப்பதில்லை. சிறுவர் ஏறி விளையாடுகின்றனர்.

அன்னா அமாலியாவின் நூல்நிலையத்துக்கு மீள்வோம். 2004 ஆம் ஆண்டு செப்டெம்பர் 2 ஆம் நாள் மாலை அதன் மேல்மாடத்தில் தீப்பற்றிற்று. பழுதான மின்னிணைப்பே காரணமாகலாம் என்பர். கட்டடத்தைப் புதுக்குவதற்காக நூல்களை வேறிடத்துக்கு மாற்றச் சில வாரங்களே எஞ்சியிருந்தன. தீயைக் கண்ட ஊழியரும் நகர மக்களும் வரிசையாக நின்று கைக்குக் கை மாற்றி ஏறத்தாழ 28,000 நூல்களை வெளியே கொணர்ந்தனர். நூல்நிலையத் தலைவர் மிகாயேல் க்னொகே, மார்ட்டின் லூதர் மொழிபெயர்த்த விவிலியத்தின் 1534 ஆம் ஆண்டுப் பதிப்பைத் தாமே உள்ளே சென்று எடுத்து வந்தார். எனினும் ஏறத்தாழ 50,000 நூல்கள் அழிந்தன. 62,000 நூல்கள் தீயாலும், அதை அணைக்கப் பாய்ச்சிய நீராலும் பழுதுற்றன.

நனைந்த நூலை வெயிலில் உலர்த்தினாற் போதாதா என்று கேட்கலாம். அவ்வாறு செய்தால் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டையாகிவிடும். இரண்டொரு நாளிற் பூஞ்சணமும் பிடிக்கும். ஆதலின் அந்நூல்களைச் சுற்றிக் கட்டி, உடனே உறையச் செய்து, லைப்சிக் நகருக்கு அனுப்பினர். அங்கே காற்று நீக்கிய அறையில் வைக்கும்பொழுது, உறைந்த நீர் உருகாமலே ஆவியாகிப் போய்விடும். திரவ நிலை இடையில் வாராமையால் தாளுக்கு மேலும் கேடில்லை. பௌதிகப் பாடத்தில் பதங்கமாதல் என்று நாம் மனனஞ் செய்த ஒன்று அங்கே நூல்களை மீட்டது. விளிம்பு கருகி எழுத்துப் பகுதி மட்டும் எஞ்சிய ஏடுகளுக்கு மெல்லிய யப்பானியத் தாளை ஒட்டி, ஒவ்வோர் ஏடாக உயிர் கொடுத்தனர். 'சாம்பல் நூல்கள்' என்பது அவற்றுக்கு இட்ட பெயர். மண்டபம் 2007 ஒக்டோபர் 24 ஆம் நாள், அன்னா அமாலியாவின் பிறந்த நாளன்று, மீண்டும் திறக்கப்பட்டது. கம்பளிக் காலுறை மேலணிகளைப் பூண்டுதான் பார்வையாளர் உள்ளே நடக்கின்றனர். அங்கே மூண்டது எவரும் இடாத தீ. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூல்நிலையம் எரிக்கப்பட்டதை அறிந்தவர் அம்மண்டபத்தில் நிற்கும்பொழுது கொள்ளும் எண்ணங்களை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இதுவரை தலைநிமிர்வுக்குரியவற்றைக் கூறினோம். நகரின் வடமேற்கே எற்றர்ஸ்பேர்க் என்னும் நெடிய குன்று தெரியும். அதன் அப்பக்கச் சரிவில் எற்றர்ஸ்புர்க் மாளிகை உள்ளது. கோமக்களின் வேட்டைக்காடு அது. காட்டினூடே நேர்கோடுகளாக வெட்டிய வேட்டைப் பாதைகள் ஓடின. அங்கே அன்னா அமாலியா நாடகங்கள் நடத்துவித்தாள். 1779 ஆம் ஆண்டுக் கோடையில் கேத்தே தம் இபிகேனியா நாடகத்தில் தாமே ஒறெஸ்தெஸ் வேடம் பூண்டு நடித்தார். நரபலி கொடுக்கும் நாட்டில், உண்மை பேசுவதினாலேயே ஒரு பெண் அக்கொடுமையைத் தடுத்த கதை அது.

அதே குன்றின் மேல், 1937 ஆம் ஆண்டு யூலை மாதத்தில், ஹிற்லரின் ஆட்சியினர் காட்டை வெட்டி ஒரு வதைமுகாம் அமைத்தனர். முதலில் குன்றின் பெயரையே முகாமுக்கு இட்டனர். நகரத்துப் பண்பாட்டுக் கழகத்தார் அதனை எதிர்த்தனர். முகாமையன்று, பெயரை. கேத்தேயின் நினைவோடு கலந்த எற்றர்ஸ்பேர்க் என்னும் பெயரை அத்தகைய இடத்துக்கு வைத்தல் தகாது என்பது அவர்களின் முறைப்பாடு. அது ஏற்கப்பட்டு, பீச் மரக்காடு எனப் பொருள்படும் பூகன்வால்ட் என்ற பெயர் இடப்பட்டது. நான் படித்த வரலாற்றுச் செய்திகளுள் இதனைப்போல் என்னை உறுத்தியது பிறிதொன்றில்லை.

1945 வரை ஏறத்தாழ 2,80,000 பேர் அங்கு அடைக்கப்பட்டனர். யூதர், அரசியல் எதிரிகள், சிந்தி, உரோமா மக்கள், போர்க் கைதிகள் எனப் பலரும் இருந்தனர். ஏறத்தாழ 56,000 பேர் மாண்டனர். முகாம் வாயிலின் இரும்புக் கதவில், அவரவர்க்கு உரியது அவரவர்க்கு என்ற பொருளுடைய தொடர் பொறிக்கப்பட்டது. உரோமானிய நீதி நூலில் உயர்ந்த பொருளோடு வழங்கிய தொடரை, கைதிகள் உள்ளே நின்று வாசிக்கும் வகையில் அமைத்தனர். எழுத்துகளை வரைந்தவர் பிரான்ஸ் எர்லிஹ் என்னும் கைதி. 1919 இல் வால்ற்றர் குறோப்பியஸ் வைமாரில் தொடங்கிய பௌஹவுஸ் கலைப்பள்ளி பின்னர் டெசாவுக்குப் பெயர்ந்தபொழுது அங்கே பயின்றவர் அவர். நாசிகள் அப்பள்ளியை வெறுத்து ஒடுக்கினர். அவரோ அதன் எழுத்து நடையிலேயே அத்தொடரை வரைந்தார். காவலர் அதனை உணர்ந்ததாகத் தெரியவில்லை.

காட்டை வெட்டியபொழுது ஒரு முதிய ஓக் மரத்தை மட்டும் விட்டு வைத்தனர். கேத்தே அதன் நிழலில் அமர்ந்ததுண்டு என்ற கதை கைதிகளிடையே வழங்கி, 'கேத்தேயின் மரம்' எனப் பெயர்பெற்றது. 1944 ஓகஸ்ட் 24 ஆம் நாள் நிகழ்ந்த விமானத் தாக்குதலில் அது எரிந்தது. அடிக்கட்டை இன்றும் உண்டு. நகரிலோ சில்லரின் வீட்டுத் தளபாடங்களைக் குண்டுவீச்சிலிருந்து காக்க வேண்டுமென்று 1942 இல் முடிவுசெய்து, மூலப் பொருள்களை ஒளித்து வைத்து, அவற்றைப் போன்ற பிரதிகளைச் செய்யும் வேலையை முகாமின் தச்சுப்பட்டறையிடம் ஒப்படைத்தனர். விடுதலையைப் பாடிய கவிஞனின் எழுதுமேசைக்குப் பிரதி செய்தவர்கள் அடிமைகள்.

1945 ஏப்பிரல் 11 ஆம் நாள் முகாம் விடுவிக்கப்பட்டது. வாயிற்கோபுரத்துக் கடிகாரம் அந்நேரத்தைக் குறித்து மூன்றேகாலில் நிறுத்தப்பட்டுள்ளது. ஐந்து நாட்களின் பின் அமெரிக்கப் படையினர் வைமார் நகரத்தார் ஏறத்தாழ ஆயிரம் பேரை மேலே நடத்திச் சென்று காட்டினர். ஒன்றும் அறியோம் என்று பலர் கூறினர். எட்டுக் கிலோமீற்றர் தொலைவுதான். அதன் பின்னரும் அவ்விடம் ஓயவில்லை: சோவியத் படையினர் 1950 வரை அங்கே தம் சிறைமுகாமை நடத்த, அடைக்கப்பட்ட 28,000 பேரில் 7,000 பேருக்கு மேல் இறந்தனர்.

வைமாருக்குச் செல்வோர் பூங்காவை மட்டும் கண்டு திரும்பலாகாது. நகரிலிருந்து 6 ஆம் இலக்கப் பஸ் வண்டி மேலே செல்கின்றது. நடக்க வல்லவர்க்கு வேறொரு வழியும் உண்டு: எற்றர்ஸ்புர்க் மாளிகைப் பூங்காவிலிருந்து பழைய வேட்டைப் பாதையொன்றை 1999 இல் மீண்டும் வெட்டித் திறந்து முகாம்வரை இணைத்துள்ளனர். மாளிகையின் புல்வெளியிற் புறப்பட்டு, பீச் மரங்களின் நிழலூடே அரை மணி நேரம் அளவில் நடந்தால், மரங்கள் முடிந்து முகாம் வந்துவிடும். இடையில் ஒரு மதிலும் இல்லை.

யான் சென்றது குளிர்காலத் தொடக்கத்தில். கைதிகளை அணிவகுத்து எண்ணிய பரந்த முற்றத்தில் மரக்கொட்டில்கள் இல்லை; வெறும் வெளி; காற்று மட்டும் ஓயாமல் வீசும். நடுவே தரையோடு தரையாக ஓர் உருக்குத் தகடு பதிக்கப்பட்டிருக்கின்றது. 1995 இல் அமைத்த அதில், அங்கு துன்புற்ற ஐம்பதுக்கு மேற்பட்ட இனத்தாரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. சுற்றிலும் பனி படர்ந்திருக்க, அத்தகடு மட்டும் ஈரமின்றி இருந்தது. குனிந்து கை வைத்தேன்; வெம்மையாயிருந்தது. ஆண்டு முழுவதும், இரவும் பகலும், அதனை 37 பாகை வெப்பத்தில், மனித உடலின் வெப்பத்தில், வைத்திருக்கின்றனர். எனக்குப் பின் பள்ளி மாணவர் கூட்டமொன்று வந்தது. அவர்களும் ஒருவர்பின் ஒருவராகக் கையுறையைக் கழற்றி அதனைத் தொட்டனர்.